தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையா? குடும்ப மருத்துவரும் சான்றும்

குடும்ப மருத்துவரைத் தேடி வருபவர்களின் நோய் வேறு, பெரிய மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவர்களின் நோய் வேறு. இந்த வேறுபாட்டை எண்ணிக்கையில் தெளிவாகக் காட்டியவர் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவர். 1961-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, வயது வந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறைவு வருகிறது. அவர்களில் 250 பேர்தான் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர். மருத்துவ மாணவர்கள் தொழில் கற்பது பெரும்பாலும் அந்த ஒருவரைப் பார்த்துத்தான். பாடநூல்கள் விவரிக்கும் நோயும் அவருடையதே. மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் மற்றவர்களின் காய்ச்சல், தலைவலி, இடுப்பு வலி, தலைசுற்றல், களைப்பு ஆகியவற்றுக்கு எந்தச் சோதனை வேண்டும், எந்த மருந்து வேண்டும், எதுவுமே வேண்டாமா என்பதுதான் குடும்ப மருத்துவத்தின் அன்றாடக் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பழக்கத்தையும் அனுமானத்தையும் நம்பாமல் ஆய்வு முடிவுகளை வைத்து விடை தேடும் முறைக்குச் சான்று சார்ந்த மருத்துவம் என்று பெயர். பிரிட்டனின் ஆர்ச்சி காக்ரேன் 1972-இல் எழுதிய சிறு நூல் இதற்கு அடித்தளமிட்டது. எந்தச் சிகிச்சையையும் முறையாக ஒப்பிட்டுச் சோதித்த பிறகே பரவலாக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவர் பெயரைத் தாங்கிய காக்ரேன் அமைப்பு 1993-இல் தொடங்கியது. ஒரே கேள்வியை ஆராய்ந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டிச் சலித்து ஒரு முடிவாகத் தருவது அதன் பணி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கையட் 1990-களின் தொடக்கத்தில் இந்த முறைக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அதே பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய டேவிட் சாக்கெட் 1996-இல் அதற்கு வரையறை கொடுத்தார். கிடைப்பதில் சிறந்த ஆய்வுச் சான்று, மருத்துவரின் அனுபவத் தேர்ச்சி, நோயாளியின் விருப்பமும் சூழ்நிலையும் ஆகிய மூன்றும் சேர வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்வதைச் சான்று சார்ந்த மருத்துவம் என்று சொல்வதற்கில்லை.

தொண்டை வலியை எடுத்துக்கொண்டால் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பது முழுமையாக விளங்கும். காய்ச்சலும் தொண்டை வலியுமாக வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வைரஸ்; அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. சிலருக்கு மட்டும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணமாகிறது. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. இரண்டிலும் தொண்டை சிவக்கும், இரண்டிலும் விழுங்க முடியாது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் சென்டரும் சகாக்களும் தொண்டை வலியோடு வந்த 286 பெரியவர்களை ஆராய்ந்து 1981-இல் ஒரு வழி சொன்னார்கள். நான்கே நான்கு விவரங்கள் போதும். டான்சிலில் வெள்ளையாகச் சீழ் படிந்திருக்கிறதா? கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறதா? காய்ச்சல் இருந்ததா? இருமல் இல்லாமல் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கும் இருந்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்தது. மூன்று இருந்தால் 32, இரண்டு என்றால் 15, ஒன்றென்றால் 6.5 சதவீதம். எதுவுமே இல்லாதவர்களில் அது வெறும் 2.5 சதவீதம். சிறுவர்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வருவதால் 1998-இல் கனடாவின் வாரன் மக்ஐசக் வயதையும் கணக்கில் சேர்த்தார். 3 முதல் 14 வயது வரை ஒரு புள்ளி கூடும்; 45 வயதைத் தாண்டினால் ஒரு புள்ளி குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது இருமல். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தால் வைரஸ் என்ற பக்கமே தராசு சாய்கிறது. ஆனால் நடைமுறையில் இருமல் கூடுதலாக இருந்தால்தான் "நல்ல மருந்தா எழுதிக் கொடுங்க" என்று நோயாளி கேட்கிறார். மருத்துவரும் ஆன்டிபயாடிக் எழுதிவிடுகிறார். சான்று சொல்வது அதற்கு நேர்மாறு. இன்னொன்றும் உண்டு: நான்கு புள்ளிகளும் பெற்றவரிடம்கூட ஏறத்தாழப் பாதி வாய்ப்புதான். குறிகள் நோயை உறுதிப்படுத்துவதைவிட, நோய் இல்லை என்று விலக்குவதில்தான் வலுவாக இருக்கின்றன. குடும்ப மருத்துவத்தில் பெரும்பாலான குறிகளுக்கு இது பொருந்தும்.

தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் விரைவுச் சோதனை உண்டு. நோய் உள்ள நூறு பேரில் சுமார் 86 பேரை அது கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாத நூறு பேரில் சுமார் 95 பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்கிறது. கேட்பதற்கு நல்ல சோதனைதான். ஆனால் யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதே முடிவின் பொருள் மாறிவிடும். பாதிப் பேருக்கு நோய் இருக்கக்கூடிய ஆயிரம் பேருக்கு, அதாவது குறிகள் நான்கும் உள்ளவர்களுக்கு, இதைச் செய்தால் 430 பேருக்கு உண்மையான பாசிட்டிவும் 25 பேருக்குத் தவறான பாசிட்டிவும் வரும். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தால் 94 சதவீதம் நம்பலாம். இருமலும் சளியுமாக வந்தவர்கள், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மட்டுமே நோய் இருக்கக்கூடியவர்கள், அவர்களில் ஆயிரம் பேருக்கு அதே சோதனையைச் செய்தால்? உண்மையான பாசிட்டிவ் 43; தவறான பாசிட்டிவ் சுமார் 47. பாசிட்டிவ் வந்த இருவரில் ஒருவருக்கு நோயே கிடையாது. சோதனையில் எந்த மாற்றமும் இல்லை, செய்தவர் கையிலும் பிழை இல்லை. சோதிக்கப்பட்ட கூட்டம்தான் வேறு. "எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்ற பேச்சில் உள்ள ஆபத்து இந்தக் கணக்கில் தெரிகிறது. தேவையில்லாத இடத்தில் எடுக்கும் சோதனை தெளிவைத் தராது, குழப்பத்தையே கூட்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் வைடால் சோதனை. பிரான்சின் ஃபெர்னான் வைடால் 1896-இல் விவரித்த இச்சோதனை, டைபாய்டு கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கிறது. அந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் போதிய அளவு சேர ஒரு வாரமாவது ஆகும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் எடுக்கும் வைடால் உண்மையான டைபாய்டையும் தவறவிடக்கூடும். மறுபக்கம், டைபாய்டு நிலவும் ஊர்களில் எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாக, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் காணப்படும். அப்படிப்பட்டவருக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல் வந்து, லேப்பில் 1:80 என்று ஒரு எண் வந்துவிட்டால், "டைபாய்டு பாசிட்டிவ்" என்று முத்திரை குத்தி ஒரு வாரம் ஊசி போட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும். பெயர் ஊசிக்குப் போய்விடும். டைபாய்டை உறுதிசெய்யச் சிறந்த வழி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை. அதற்குச் சில நாட்கள் ஆகும், செலவும் கூடுதல் என்பதால் பலர் வைடாலிலேயே நின்றுவிடுகிறார்கள். டெங்குவிலும் நாள் கணக்கு முக்கியம். முதல் ஐந்து நாட்களுக்கு என்எஸ்1 சோதனை, அதன் பிறகு ஐஜிஎம் சோதனை. நாள் தவறி எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி டெங்கு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது.

சில இடங்களில் சான்று மிக எளிய வடிவில் கிடைக்கிறது. கால் பிசகி வந்தவருக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வெளியான விதிகள் அதற்கு நல்ல உதாரணம். கணுக்கால் முண்டுகளின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பில் வலி இல்லை, நோயாளி நான்கு அடி எடுத்து வைக்கிறார் என்றால் கணுக்காலில் பொருட்படுத்தத்தக்க முறிவு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. படம் எடுக்காமல் அனுப்பலாம். விரலும் நிதானமும் இருந்தால் எந்தக் கிராமத்துக் கிளினிக்கிலும் இதைச் செய்யலாம்.

நோய் இன்னதென்று ஓரளவு தெரிந்த பிறகு சிகிச்சை. தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் தொகுப்பின்படி, அதனால் நோய்க்காலம் குறைவது சராசரியாக 16 மணி நேரம். மருந்தே எடுக்காதவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வாரத்துக்குள் குணமாகிவிடுகிறார்கள். பாராசிட்டமால், வெதுவெதுப்பான உப்பு நீர்க் கொப்பளிப்பு, போதிய நீராகாரம், ஓய்வு இவையே பெரும்பாலோருக்குப் போதும். ஆன்டிபயாடிக்கால் வயிற்றுப்போக்கும் தடிப்பும் வரலாம். தேவையின்றிக் கொடுப்பதால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகும் கேடு ஊருக்கே வருகிறது.

நோயாளி மருந்து எதிர்பார்த்து வருகிறாரே, வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவாரே என்பது மருத்துவர்களின் நியாயமான கவலை. இதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பால் லிட்டிலும் சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் தொண்டை வலியோடு வந்த 716 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆன்டிபயாடிக். இன்னொரு பிரிவுக்குக் கிடையாது. மூன்றாவது பிரிவிடம், மூன்று நாளில் சரியாகாவிட்டால் வந்து சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் குணமானவர்களின் விகிதம் முறையே 37, 35, 30 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. மூன்றாவது பிரிவில் 31 சதவீதம் பேர்தான் கடைசியில் மருந்தை எடுத்தார்கள். மூன்று பிரிவிலும் பத்தில் ஒன்பது பேராவது மருத்துவரின் கவனிப்பில் திருப்தியாக இருந்தார்கள். உடனே மருந்து பெற்றவர்களிடம் மட்டும் ஒரு நம்பிக்கை வலுத்தது: அடுத்த முறை தொண்டை வலித்தாலும் டாக்டரிடம் போகவேண்டும் என்று அதிகம் பேர் சொன்னார்கள். ஒருமுறை எழுதிய சீட்டு, அடுத்த வருகைக்கான பழக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறது என்று இதைப் படிக்கலாம்.

இங்கிலாந்துக்குச் சரியான இந்த முடிவை இந்தியாவில் அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலிக்குப் பின் சில வாரங்களில் சில சிறுவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டு மாறி மாறி வீங்கும்; அது சரியாகிவிடும். இதய வால்வில் விழும் தழும்பு ஆறாது. இருபது வயதில் மூச்சிரைப்போடு வந்து வால்வு அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெண்களில் பலருக்கு நோயின் வேர் பள்ளிப் பருவத்துத் தொண்டை வலியில் இருக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளத்தில் இளம் வீரர்களிடம் நடத்தி 1950-இல் வெளியான ஆய்வு, பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரிதும் தடுக்கலாம் என்று காட்டியது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் கொடுத்தாலும் பலன் உண்டு. பணக்கார நாடுகளில் இந்நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவில் மறையவில்லை. எனவே பள்ளி வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலும் சீழ் படிந்த டான்சிலும் கழுத்தில் நெறியும் இருந்து, இருமல் இல்லையென்றால், இங்கு பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் எழுதுவதே சான்றின் வழி. வாய்வழி மருந்தென்றால் பத்து நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள் என்று தோன்றினால் ஒரே ஒரு பென்சாதின் பென்சிலின் ஊசி உண்டு. மருந்தே வேண்டாத இருமல் சளிக்காரருக்கு அசித்ரோமைசின் எழுதுவதும், பென்சிலின் வேண்டிய பிள்ளைக்கு மூன்று நாள் மருந்தோடு நிறுத்துவதும் ஒரே கிளினிக்கில் ஒரே நாளில் நடக்கக்கூடிய இரு பிழைகள்.

காய்ச்சலில் பலன் சில நாளில் தெரிந்துவிடும். பிரஷர், சுகர், கொழுப்பு போன்றவற்றில் மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எண்களைப் படிக்கும் விதம் இன்னும் முக்கியமாகிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 176 குடும்ப மருத்துவக் கிளினிக்குகளில், லேசான இரத்த அழுத்தம் கொண்ட 17,354 பேரிடம் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 60 பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 109 பேருக்கும் பக்கவாதம் வந்தது. பக்கவாதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று இதைச் சொல்லலாம். 850 பேர் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டால் ஒருவரின் பக்கவாதம் தடுக்கப்படும் என்றும் சொல்லலாம். ஆய்வாளர்கள் சொன்னது இரண்டாவது வாசகத்தை. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் கேட்டவர் உடனே மாத்திரை கேட்பார். இரண்டாவதை மட்டும் கேட்டவர் தயங்குவார். நோயாளிக்கு இரண்டையும் சொல்வதே நேர்மை.

இந்த 850 என்ற எண் வயது குறைந்த, ஆபத்து குறைந்த பிரிவினருக்கு உரியது. எழுபது வயதில் சர்க்கரை நோயும் உள்ளவருக்கோ, ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கோ தொடக்க ஆபத்தே பல மடங்கு அதிகம். அதே மருந்து அதே விகிதத்தில் குறைத்தாலும், காப்பாற்றப்படுவோர் எண்ணிக்கை பல மடங்கு கூடும். அவர்கள் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இரத்த அழுத்த நோய் என்று முடிவு கட்டும் முன்னும் நிதானம் வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவுடன், கிளினிக் பதற்றத்தில், ஒரே ஒருமுறை எடுத்த அளவை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்கக் கூடாது. உட்கார்த்தி ஐந்து நிமிடம் விட்டு, இருமுறை அளந்து, வேறொரு நாளும் பார்த்து, முடிந்தால் வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதி வரச் சொல்ல வேண்டும். வீட்டு அளவின் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் பலருக்கு மருந்தே தேவைப்படாது.

எண் சரியாவதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பில் வரும் இடறல்கள் ஆபத்தின் அறிகுறி. அவற்றை அடக்கும் மாத்திரை உயிரைக் காக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஈசிஜியில் இடறல்கள் நன்றாகவே அடங்கின. 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்ற மருந்துகளை எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இறந்தார்கள். ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இதனால்தான் அமெரிக்கக் குடும்ப மருத்துவத் துறையில் டேவிட் ஸ்லாசனும் ஆலன் ஷாக்னெசியும் 1990-களில் ஒரு பிரிப்பை வலியுறுத்தினார்கள். இரத்தத்தில் ஓர் அளவு ஏறியதா இறங்கியதா என்பது ஒருவகைச் சான்று. நோயாளி அதிக நாள் வாழ்ந்தாரா, வலி குறைந்ததா, நடக்க முடிந்ததா என்பது மற்றொரு வகை. குடும்ப மருத்துவர் முதலில் தேட வேண்டியது இரண்டாவதை. அந்நாட்டுக் குடும்ப மருத்துவ இதழ்கள் 2004 முதல் பின்பற்றும் ஏ, பி, சி தர வரிசையில், நோயாளிக்கு நேரடியாகப் பயன் தரும் நல்ல, முரண்படாத சான்றுக்கே ஏ தரம். நிபுணர் கருத்தும் வழக்கமும் மட்டுமே இருந்தால் சி.

சான்று கிடைக்காத இடங்களும் ஏராளம். அங்கே குடும்ப மருத்துவரிடம் வேறெவரிடமும் இல்லாத ஒரு கருவி உண்டு: காலம். வார்டு மருத்துவர் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். குடும்ப மருத்துவர், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லலாம். அந்த ஆள் வருவார், அவருடைய தாயையும் பிள்ளையையும்கூட மருத்துவருக்குத் தெரியும். முதல் நாள் காய்ச்சலில் எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் தடிப்போ மஞ்சள் காமாலையோ நோயின் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் காத்திருப்பு பொறுப்பில்லாத கைவிடல் ஆகிவிடக் கூடாது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லி அனுப்ப வேண்டும். தொண்டை வலிக்காரரிடம் வாய் திறக்க முடியவில்லை, எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் நேரம் பாராமல் வரவேண்டும் என்று. டெங்கு சந்தேகம் உள்ளவரிடம் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் வந்தால் உடனே வரவேண்டும் என்று. "ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்புவதற்கும் இதற்கும் உயிர் அளவு வித்தியாசம் உண்டு.

சான்று தடுமாறும் இன்னோர் இடம் முதுமை. மருந்து ஆய்வுகளில் பல, வேறு நோய் இல்லாதவர்களையே தேர்ந்தெடுக்கின்றன. கிளினிக்குக்கு வரும் பாட்டிக்கோ பிரஷர், சுகர், மூட்டு வலி, எலும்புத் தேய்மானம் எல்லாம் ஒருசேர இருக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சிந்தியா பாய்டும் சகாக்களும் 2005-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்து நோய்கள் உள்ள 79 வயதுப் பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு நோய்க்குமான வழிகாட்டியை அப்படியே பின்பற்றினால் அவர் 12 மருந்துகள் சாப்பிட வேண்டியிருக்கும். ஒன்று மற்றொன்றோடு மோதும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏறிய பிரஷருக்கு இன்னொரு மாத்திரை சேரும். இங்கே குடும்ப மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பையில் உள்ள எல்லா மாத்திரைகளையும் மேசை மேல் கொட்டச் சொல்லி, எதை நிறுத்தலாம் என்று பார்ப்பது. அடுத்தது, எது முக்கியம் என்று அவரையே கேட்பது: கோயில் வரை நடந்து போவதா, இரவில் விழாமல் இருப்பதா, சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பதா? சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து விழும் ஆபத்துள்ள, பல நோய்கள் சேர்ந்த முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவை 7-க்குக் கீழே கொண்டுவர வற்புறுத்த வேண்டாம், 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டியே சொல்கிறது.